கப்பல் பாட்டில் என் இடம்

யோகநாதன் என் கடைக்கு வந்தபோது வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மாரி தொடங்கிய புதிது. ட்ரம்பெட் பெட்டியைத் துவாயால் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி வந்து மேசையில் வைத்தான். துவாயை அவிழ்த்துத் தலையைத் துடைத்தான். வாயை மட்டும் கைலேஞ்சியால் பொத்தியபடியே நின்றான்.

"இத வாங்க ஒரு ஆளைப் பாரு மச்சான்," என்றான்.

முன்பற்கள் போன பிறகு அவன் பேச்சில் காற்றுக் கலந்திருந்தது. எந்தச் சொல்லும் முழுதாக வெளியே வராது. பள்ளிக்கூட நாளிலிருந்து ட்ரம்பெட் ஊதியவன் தன் பெயரையே சரியாகச் சொல்ல முடியாமல் நின்றான்.

நான் பெட்டியைத் திறக்கவில்லை. பார்க்கிறேன் என்று தலையாட்டினேன். போகத் திரும்பியவன் படியில் நின்றான்.

"அந்தக் கசெட்டக் கேட்டியா?"

நான் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதிலைத்தான் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நேரே போய்ச் சொல்ல இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குத் தைரியம் வரவில்லை.

பெயர் உரிந்த தட்டு

கல்முனைக்குடியில் நான் நடத்திய லவுட்ஸ்பீக்கர் கடையைப் பற்றிப் போன கிழமை இதே பத்திரிகையில் எழுதியிருந்தேன். கலியாணம், கந்தூரி, தேர்தல் கூட்டம் எல்லாவற்றுக்கும் என் குழாய்கள்தான். அதைப் படித்த பழைய வாடிக்கையாளர் ஒருவர் ரோட்டில் மறித்து, எல்லாம் எழுதினாய், கப்பல் பாட்டை மட்டும் விட்டுவிட்டாயே என்று குறைப்பட்டுக்கொண்டார். விடவில்லை. தள்ளிப் போட்டேன்.

கப்பல் பாட்டு என்பது நாங்கள் வைத்த பெயர். அக்காவை நாங்கள் லாத்தா என்போம். என் லாத்தாவின் கணவர் சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்த்தார். வரும்போதெல்லாம் எதையாவது கொண்டுவருவார். ஒருமுறை சவர்க்காரம், ஒருமுறை டோர்ச். அந்த முறை கையகலத்தில் ஒரு இசைத்தட்டு. ஜமேக்கா என்ற தீவில் துறைமுகத்துக்குப் பக்கத்துக் கடையொன்றில் வாங்கியதாகச் சொன்னார். உப்புக் காற்றில் தாள் உரிந்து பாட்டின் பெயரும் ஊதியவர்களின் பெயரும் போய்விட்டிருந்தன. விளிம்பில் ஒரு துண்டு உடைந்தும் இருந்தது. அதனால் ஊசியை உள்ளே தள்ளித்தான் வைக்க வேண்டும். பாட்டு தொடங்காது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்.

யாரும் பாடாத பாட்டு அது. ட்ரம்பெட்டும் மற்றக் குழல்களும் துள்ளிக்கொண்டு ஓடும். அடியில் ஒரு கிற்றார் சக், சக், சக் என்று வெட்டிக்கொண்டே இருக்கும். கலியாண வீட்டில் அதைப் போட்டால் சமையல் பகுதியில் நிற்கிறவர்கள்கூட அகப்பையோடு எட்டிப் பார்ப்பார்கள்.

பொல்லடிக்காரனின் காது

யோகநாதன் பாண்டிருப்பைச் சேர்ந்தவன். கல்முனையில் நீர்ப்பாசன அலுவலகத்தில் கிளார்க். பள்ளிக்கூடத்து வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் பழகியவன். ஒருநாள் மத்தியானச் சோற்றுக்குப் போகிற வழியில் என் கடையில் அந்தத் தட்டு ஓடியது. நின்று கேட்டான். மறுநாளும் நின்றான். மூன்றாம் நாள் ட்ரம்பெட்டோடு வந்தான். என்னிடம் ஒரு பழைய கிற்றார் இருந்தது. எங்கள் கூட்டு அப்படித்தான் தொடங்கியது. என் கடையில் அவன் சாப்பிடாமல் விட்ட மத்தியானச் சோறு எத்தனை என்று அவன் மனைவிக்குத்தான் தெரியும்.

இங்கே ஒரு தவறைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டுமே விடக்கூடிய தவறு.

எங்கள் கலியாணங்களில் பொல்லடி உண்டு. ஆண்கள் வட்டமாக நின்று, கையில் பொல் என்கிற கட்டைக் குச்சி இரண்டுடன், பாட்டுக்கேற்பச் சுற்றிச் சுற்றி அடிப்பார்கள். சின்ன வயதிலிருந்து நானும் ஒரு பொல்லடிக் குழுவில் இருந்தேன். அதில் பொல்லும் பொல்லும் முட்டுகிற சத்தம்தான் முதலடி. கால், பாட்டு, மூச்சு எல்லாம் அதிலிருந்துதான் கணக்கு. தட்டில் அந்தக் கிற்றார் வெட்டியது அச்சாகப் பொல் முட்டுகிற மாதிரியே இருந்தது. அதனால் அதுதான் முதலடி என்று எடுத்துக்கொண்டேன். இல்லை என்று காட்டித் தரப் பாட்டின் தொடக்கமும் இல்லை. யோகநாதனுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தேன்.

அப்படி எடுத்ததும் மெட்டு என் இரண்டு அடிக்கும் நடுவிலே போய் விழுந்தது. அடியில்லாத இடத்தில் ஊதுவது லேசான காரியமில்லை. மூச்சைப் பிடித்துக் காத்திருந்து, என் அடி போன பிறகு விட வேண்டும். அவன் வாரக்கணக்காகத் தடுமாறினான். பிறகு பிடித்துக்கொண்டான். என் கையையே பார்த்துக்கொண்டு ஊதுவான்.

மாப்பிள்ளை ஊர்வலங்களில் வாசித்தோம். ட்ரம்பெட் கூடாது என்று ஒரு மௌலவி சொன்னார். கலியாண வீட்டார் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். எங்களை ஊர்வலத்துக்கு நூறு யார் தூரம் முன்னால் நடக்க விட்டார்கள். மாப்பிள்ளை எங்களோடு வரவில்லை, நாங்களும் மாப்பிள்ளையோடு வரவில்லை, தற்செயலாக ஒரே ரோட்டில் போகிறோம். மௌலவிக்கும் நிம்மதி, மாப்பிள்ளைக்கும் பாட்டு.

சிரிக்காதவர்

மட்டக்களப்புக்கு வடக்கே, வெள்ளைக்காரர்கள் வந்து குளிக்கிற கடற்கரையில் ஒரு ஹோட்டல். அங்கே ஜாஸ் வாசிக்கிற நாலு பேர் கொழும்பிலிருந்து வந்து தங்கியிருந்தார்கள். அவர்களின் அம்ப்ளிபையர் கெட்டுப்போய் என்னைக் கூப்பிட்டார்கள். திருத்திவிட்டு ஓரமாக நின்று கேட்டேன். பியானோ, சாக்ஸபோன், ஆளுயர பேஸ், ட்ரம்ஸ். ஒரே மெட்டில் தொடங்கி ஆளாளுக்கு ஒரு பக்கம் போய், எல்லாரும் எப்படியோ ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இப்படியும் வாசிக்கலாமா என்று எனக்கு வாய் பிளந்துவிட்டது.

பியானோக்காரர் பெயர் கிளாரன்ஸ். மட்டக்களப்புப் பறங்கியர், போர்த்துக்கீசர் வழி வந்தவர். ஐம்பது வயதிருக்கும். தமிழ் எங்களைப் போலவே கதைப்பார். அவரிடம் கப்பல் பாட்டைப் பற்றி அளந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு வா என்றார்.

போய் வாசித்தோம். பாதியில் பேஸ்காரர் வாய்விட்டுச் சிரித்தார். ட்ரம்ஸ்காரரும் சேர்ந்துகொண்டார். கிளாரன்ஸ் சிரிக்கவில்லை. இன்னொருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு பியானோவில் அந்தப் பாட்டின் உண்மையான முகத்தை வாசித்துக் காட்டினார். இந்த வாசிப்புக்கு ஸ்கா என்று பெயர், ஜமேக்காவில் இந்த மெட்டைத் தெரியாத பிள்ளை கிடையாது, கிற்றார் வெட்டுவது முதலடியே இல்லை, அடிக்குப் பின்னால் வருவது என்றார். ஆக ஆறு வருடமாக அந்தப் பாட்டைத் தலைகீழாக நிறுத்தி வைத்து மாப்பிள்ளைமார் எல்லாரையும் அதன் பின்னால் நடத்தியிருக்கிறோம்.

யோகநாதன் ட்ரம்பெட்டின் ஊதுவாயைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தான். நான் பின்னால் ஓடினேன். பஸ்ஸுக்காக நாங்கள் நின்ற இடத்துக்கே கிளாரன்ஸ் வந்துவிட்டார்.

"சரியா வாசிக்கிறதுக்குக் கொழும்பில அம்பது பேர் இருக்காங்க தம்பி," என்றார். "இப்பிடி வாசிக்க நீங்க ரெண்டு பேர்தான் இருக்கிறீங்க. இந்தப் பிழைய எனக்குப் பழக்கித் தாங்க."

ஞாயிற்றுக்கிழமைகள்

அந்தப் பருவம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் போனோம். என் வாழ்க்கையில் நான் மரியாதையாக வாழ்ந்த நாட்கள் என்று சொன்னால் அவைதான்.

கிளாரன்ஸ் பாட்டின் வேகத்தைப் பாதியாக்கினார். ட்ரம்ஸ்காரர் குச்சிகளை வைத்துவிட்டுக் கம்பித் தூரிகையால் வருடினார், என் வெட்டு தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக. பேஸ்காரர் முதலடியைத் தொடவே இல்லை. அதை எனக்கென்று விட்டார். கிளாரன்ஸ் அடியில் வைத்த சுரக்கூட்டங்களுக்கு எனக்கு இன்றும் பெயர் தெரியாது. அவற்றின் மேல் யோகநாதனின் மெட்டு நடுவில் நடுவில் விழுந்தது. தட்டில் அது ஆட்டம். இவன் உதட்டில், கூப்பிட்ட வீட்டுக்குப் போய் அங்கே யாரும் இல்லாமல் திரும்பி வருகிறவனின் நடை மாதிரி இருந்தது. நான் வெட்டிக்கொண்டே கண் கலங்கியிருக்கிறேன்.

நோன்பு மாதத்திலும் போனோம். நான் நோன்பு. யோகநாதன் எனக்கு முன்னால் தண்ணீர் குடிக்க மாட்டான். காய்ந்த உதட்டோடு ஊதி உதடு வெடித்து, ஊதுவாயில் இரத்தம் படிந்திருந்தது. ட்ரம்பெட்காரனுக்கு உதடுதான் சொத்து, அதை இப்படிப் பாழாக்காதே என்று கிளாரன்ஸ் ஏசினார். அவன் சிரித்துக்கொண்டு துடைத்தான்.

என்னிடம் கிளாரன்ஸ் வேறொன்று சொன்னார். "உன்ட அடியிலதான் அவன் நிக்கிறான். நீ விட்டா அவன் விழுந்திருவான்." பாட்டைத்தான் சொன்னார். நானும் பாட்டைத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வருவேன் என்ற நாள்

அடுத்த வருடம் அந்தக் குழுவுக்குக் கொழும்பிலேயே வேலை. கிளாரன்ஸ் கடிதம் போட்டார். ஒலிப்பதிவுக் கூடம் கிடைத்திருக்கிறது, சனிக்கிழமையும் திங்கட்கிழமையும், இரண்டு பேரும் உடனே வாருங்கள். ஜூலை மாதம். எந்த ஜூலை என்று இந்த நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

யோகநாதன் தயங்கினான். கொழும்புக் கதைகள் அப்போதே நல்லதாக இல்லை. முந்திய கலவரத்தில் அவன் மனைவியின் அண்ணன் உடுத்த உடுப்போடு ஊர் வந்து சேர்ந்தவர். நான் அவன் வீட்டுக்குப் போய் முற்றத்தில் நின்று சொன்னேன்.

"நான் உன்னோட வாறன். தொப்பி போட்ட ஒருத்தன் பக்கத்தில இரிக்கக்குள்ள ஆரும் ஒண்டும் கேக்க மாட்டான்."

அவன் மனைவி கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் அவனுடைய வெள்ளைச் சட்டையை மடிக்கத் தொடங்கினார்.

அதற்குள் சாய்ந்தமருதில் என் மனைவியின் மாமா மகளுக்குக் கலியாணம் அவசரமாக முடிவானது. அதே சனி, ஞாயிறு. லவுட்ஸ்பீக்கரும் லைட்டும் நான்தான் என்று என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டார்கள். மருமகன் முறையில் மறுக்க முடியாது என்று இத்தனை காலமும் மற்றவர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். நான் மறுத்துப் பார்க்கவே இல்லை. இருநூறு பேர் கூடுகிற இடத்தில் என் குழாய்கள் முழங்க, ஜுனைதின் வேலை என்றால் வேலைதான் என்று நாலு பேர் சொல்வதைக் கேட்க ஆசைப்பட்டேன்.

யோகநாதனிடம், நீ வெள்ளிக்கிழமை போ, சனிக்கிழமை நீங்கள் எல்லாரும் வாசியுங்கள், என் கிற்றாரைத் திங்கட்கிழமை தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம், நான் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்துவிடுவேன் என்றேன். எங்கே தங்குவது என்று கேட்டான். சாமான் வாங்கக் கொழும்பு போகும்போது நான் தங்குகிற லொட்ஜின் பெயரை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன்.

"நேரா அங்கதான் வருவன். வேற எங்கயும் போயிராத."

இந்த வாயால்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் ரயிலேறவில்லை. விருந்து இழுத்துவிட்டது. வயர்களைச் சுற்ற வேண்டும், குழாய்களை இறக்க வேண்டும். நாளை பஸ்ஸில் போகலாம் என்று நினைத்தேன். மறுநாள் வானொலியில் ஊரடங்கு என்றார்கள்.

பிறகு கிளாரன்ஸ் சொல்லித்தான் மற்றது தெரியும். சனிக்கிழமை ஒலிப்பதிவு முடிந்ததும் தன் வீட்டுக்கு வந்து தங்கும்படி கேட்டிருக்கிறார். ட்ரம்பெட்டை மட்டும் அங்கே வைத்துவிட்டு இவன் லொட்ஜுக்குப் போயிருக்கிறான். நகரத்தில் காற்று சரியில்லை என்று ஞாயிற்றுக்கிழமை லொட்ஜுக்கே போய்க் கூப்பிட்டிருக்கிறார். கூட்டாளி இங்கேதான் வருவான், வந்து என்னைக் காணாமல் தேடுவான் என்று சொல்லி அறையிலேயே இருந்துவிட்டான். திங்கட்கிழமை கிளாரன்ஸ் மறுபடி போனபோது அந்த ரோட்டுக்குள் நுழைய முடியவில்லை. புகை.

கலவரக்காரர்கள் அவனை இரும்புக் கம்பியால் வாயில் அடித்திருக்கிறார்கள். பக்கத்துத் தேநீர்க் கடைச் சிங்களவர் ஒருவர் இழுத்து உள்ளே போட்டுக் கதவைச் சாத்தியதால் உயிர் மிஞ்சியது. பிறகு முகாம், அகதிகள் கப்பலில் வடக்கே, அங்கிருந்து பஸ் பஸ்ஸாக மாறிப் பாண்டிருப்பு.

அவன் வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டு மூன்று நாள் கழித்துத்தான் போனேன். ஒரு மைல் தூரம். மூன்று நாள் எடுத்தது. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். என்னை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடுகிற அவன் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

"காக்கா, நீங்க கூடப் போறீங்க எண்டுதான் நான் இவர விட்ட," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தத் தேத்தண்ணியை முழுக்கக் குடித்துவிட்டு எழும்பி வந்தேன்.

ஒரு மாதம் கழித்து, கிளாரன்ஸ் லொறிக்காரர் ஒருவரிடம் ட்ரம்பெட்டைக் கொடுத்து விட்டிருந்தார். கூடவே ஒரு கசெட். ஒரு சிறிய கடிதம். மற்றவர்கள் எல்லாரும் வாசித்து முடித்தாகிவிட்டது, உன் இடம் மட்டும் காலி, பாதை சரிவரும்போது வந்து வாசி என்று எழுதியிருந்தார். ட்ரம்பெட்டை யோகநாதனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவனிடம் கசெட் போடும் கருவி இல்லை. நான் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். என் கடையில் மூன்று கருவிகள் இருந்தன. கசெட்டை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். சனிக்கிழமை அவனுக்கு இருந்த உதட்டைக் கேட்க எனக்குப் பயம்.

அந்தப் பதில்

மழை நாளுக்கு வருகிறேன். அந்தக் கசெட்டக் கேட்டியா என்று அவன் படியில் நின்று கேட்டான்.

"ஓம். கேட்டன்," என்றேன்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லா இரிக்கி மச்சான்."

"உன்ட இடம்?"

கிளாரன்ஸின் கடிதம் எனக்கு மனப்பாடம். அதையே எடுத்துச் சொன்னேன். "அப்பிடியே காலியாக் கிடக்கு. நான் போய் வாசிச்சாச் சரி."

அவன் என்னையே பார்த்தான். லேஞ்சியை வாயிலிருந்து எடுத்தான். மேலுதட்டில் தையல் போட்ட கோடு மூக்கு வரைக்கும் போயிருந்தது. ஏதோ கேட்கப் போகிறான் என்று நினைத்தேன்.

"ஓம். சரி," என்றான். துவாயை மேசையிலேயே விட்டுவிட்டு மழையில் இறங்கிப் போனான்.

அதன் பிறகு அவன் என் கடைக்கு வரவில்லை. நானும் போகவில்லை. ட்ரம்பெட்டை யாரிடமும் விலை பேசவில்லை, அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். ஒன்றரை வருடத்தில் எங்கள் இரண்டு சனத்துக்கும், தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும், இடையிலேயே கலவரம் வந்தது. கல்முனைக்குடிக்கும் பாண்டிருப்புக்கும் நடுவிலுள்ள அந்த ஒரு மைலில் யாரும் யாரையும் நம்பி நடக்கவில்லை. பாதை திறந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். வீட்டில் பூட்டு. பெண்சாதி பிள்ளைகளோடு இந்தியாவுக்குப் படகேறிவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்குள் நின்றே சொன்னார். எந்த ஊர், எந்த முகாம் என்று அவருக்கும் தெரியவில்லை. நான் விசாரித்த யாருக்கும் இன்றுவரை தெரியவில்லை.

அன்றைக்குத்தான் கடைக் கதவை உள்ளே சாத்திவிட்டுக் கசெட்டைப் போட்டேன்.

தூரிகை வருடியது. பேஸ் வந்தது. கிளாரன்ஸின் விரல்கள் வந்தன. அதற்குள் வேறொரு சத்தம், டக் என்று. கருவியில் கோளாறு என்று நினைத்து நிறுத்திச் சுற்றி மறுபடி போட்டேன். டக். டக். ஒவ்வொரு முதலடியிலும், ஒன்றுகூடத் தவறாமல்.

சப்பாத்துக் குதி. பலகைத் தரையில் யோகநாதன் காலால் அடித்துக்கொண்டே ஊதியிருக்கிறான். அடிக்கு நான் இல்லை என்று என் அடியைத் தன் காலால் போட்டு, அதன் நடுவில் தன் மெட்டை விட்டு, தொடக்கத்திலிருந்து கடைசி வரைக்கும். அந்தப் பாட்டில் எங்கேயும் காலி இடம் இல்லை.

பாட்டு முடிந்து மற்றவர்கள் நின்ற பிறகும் கால் இன்னும் மூன்று தடவை அடித்தது. பிறகு கிளாரன்ஸின் குரல். கால் சத்தமும் சேர்ந்து விழுந்துவிட்டதே, இன்னொருமுறை எடுப்போமா என்று கேட்கிறார். அதற்கு யோகநாதன் பதில் சொல்கிறான். பற்கள் எல்லாம் இருந்த குரல்.

"கிடக்கட்டும் கிளாரன்ஸ் சேர். அவன் வரும் வரைக்கும் இடத்தப் பிடிச்சு வெச்சிருக்கன்."

காலியாகக் கிடக்கிறது என்று நான் சொன்ன உடனேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது, நான் அதைக் கேட்கவே இல்லை என்று. அதற்குத்தான் அவன் சரி என்றான்.